வாத்தியமில்லாத பாட்டுக் குழு

முனிர்காவில் கிளம்பிய பஸ்ஸின் கடைசி சீட்டில் அன்று மூன்று பேர்: எம்.ஏ. படிக்கும் ஒரு பையன், அவனுடைய அறைத்தோழன், ஜன்னலோரம் நான். டெல்லி பஸ்ஸில் யாருக்குத் தமிழ் புரியப்போகிறது என்று இருவரும் சத்தமாகவே பேசினார்கள்.

"வாத்தியமே இல்லாம வாயாலேயே பாடுற குழுன்னியே, அதுல உனக்கு என்னடா பாட்டு?" என்றான் அறைத்தோழன்.

"பாட்டு இல்லடா. மத்தவங்க பாடி முடிக்கிற வரைக்கும் நான் 'ம்ம்ம்'னு ஒரே சுருதியில இழுக்கணும்."

"அட, சுருதிப்பெட்டி!"

"சிரிக்காதடா. பாடுறேன்னு வீட்டுல சொல்லிட்டேன். அம்மா தெரு முழுக்கச் சொல்லிட்டாங்க."

அந்த நேரம் பார்த்து அம்மாவே போனில் கூப்பிட்டார். பஸ் இரைச்சலில் கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, பக்கத்து வீட்டு அக்கா வந்திருக்காங்க. ரெண்டு வரி பாடிக் காட்டுப்பா."

அவன் கண்ணை மூடிக்கொண்டு, "ம்ம்ம்..." என்று இழுத்தான்.

அம்மா பொறுமையாகக் கேட்டார். "நல்லாருக்குப்பா. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

"சிக்னல் இல்லம்மா" என்று வைத்துவிட்டு, முகத்தைப் பைக்குள் புதைத்துக்கொண்டான்.

கேட்டதே தப்பு போல எனக்கு உடம்பெல்லாம் கூசியது. நானும் தமிழ் என்று தெரிந்தால் அந்தப் பையன் என்ன ஆவான்? ஐ.என்.ஏ. மார்க்கெட் வந்ததும் எழுந்து, "பையா, தோடா சைட்" என்று இந்தியில் வழிவிடச் சொல்லி இறங்கிவிட்டேன்.