மாப்பிள்ளை காரின் முதல் கியர்

இந்த ஸ்டேஷன் ஜீப்புக்கு இரண்டாவது கியர் நிற்பதில்லை, ஐயா. என்னை ஏற்றிக்கொண்டு வந்தபோது டிரைவர் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மறு கையால் கியர் தடியையும் பிடித்துக்கொண்டே வந்தார். உள்ளே ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அரை நாள் வேலை. யாராவது கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன். நீங்கள் வேறு விஷயம் கேட்கிறீர்கள். அதையும் சொல்கிறேன்.

பெயர் பரசுராமன். வயது நாற்பத்திரண்டு. ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் மெக்கானிக் வேலை. என் அப்பா அரிசி மில்லுக்குக் கைவண்டியில் நெல் மூட்டை இழுத்தவர். ஆற்றுப் பாலத்து மேட்டில் வண்டி நின்றுவிடும். அம்மா பின்னாலிருந்து தோள் கொடுப்பாள். சமதரையிலும் மேட்டிலும் அப்பாவிடம் இருந்தது ஒரே பலம்தான். ஒருநாள் அந்த மேட்டிலேயே உட்கார்ந்தார், எழவில்லை. பிற்பாடு நான் லாரி ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு கியர் பாக்ஸைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். சின்னப் பல் சக்கரம் ஒன்று தன்னைவிட மூன்று மடங்கு பெரிய சக்கரத்தை அலட்டிக்கொள்ளாமல் சுற்றியது. எங்கப்பாவுக்கு கியர் இல்லை, அவ்வளவுதான் அவருடைய குறை என்று அன்று எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனம் போனதில்லை. கல்யாணம்கூட அம்மா சொன்னாள் என்று செய்துகொண்டதுதான்.

சுப்பராயலு முதலாளியை உங்களுக்குத் தெரியும். முள்ளிப்பட்டில் அறுபது தறிக்குப் பாவும் ஊடையுமாக நூல் கொடுத்துச் சேலை வாங்குகிறவர். அவரிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. சீமையில் 1936இல் செய்தது, மேற்கூரையை மடக்கிவிடலாம். மாப்பிள்ளை அழைப்புக்கு அதைவிட்டால் ஊரில் வேறு கார் இல்லை. ஆனால் மாப்பிள்ளை அழைப்பு என்றால் என்ன வேகம்? நாதஸ்வரக்காரர் நின்றால் கார் நிற்க வேண்டும். தட்டு தூக்கிய பெண்கள் நகர்ந்தால் நகர வேண்டும். மணிக்கு ஒன்றரை மைல். அந்தக் காரில் இருந்தது மூன்றே கியர். முதல் கியரில் போட்டாலே அது ஓடப் பார்க்கும், கிளட்சை மிதித்தால் முடங்கும்.

எழுபத்தெட்டில் அவருடைய மூத்த மகள் கல்யாணத்தில் கார் குலுக்கிய குலுக்கலில் மாப்பிள்ளையின் தலை முன்னும் பின்னும் ஆடியது. தலைப்பாகை பறந்து டிரம்செட்காரன் மேல் விழுந்தது. கூட்டத்தில் ஒருவன், "மாப்ளைக்கு சாமி வந்துச்சு டோய், வேப்பில எட்தாங்க!" என்று கத்தினான். ஊரே சிரித்தது. முதலாளி அதற்குப் பிறகு மூன்று மாதம் கடைத்தெருப் பக்கம் வரவில்லை.

இரண்டாவது மகளுக்கு எண்பத்திரண்டு தையில் முகூர்த்தம் வைத்தார்கள். அதற்கு முந்தைய ஆடியில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அந்த வீட்டுக்குள் நான் எப்போதும் பின்வாசல் வழியாகப் போய்ப் பின்வாசல் வழியாக வருகிறவன். அன்று முன்வாசல். கூடத்தில் நாற்காலி. எவர்சில்வர் டம்ளரில் காபி. நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தேன், முழுதாக உட்காரத் தெரியவில்லை.

"இன்னா பரசுராமா, இந்த தபா வண்டி போறதே தெரியக்கூடாது. பானெட் மேல சொம்புல தண்ணி வெப்பேன். ஒரு சொட்டு சிந்திச்சுன்னா வெச்சிக்கோ, வண்டிய மெட்ராஸுக்கு ஓட்டிகினு போய் வேற ஆள பாப்பேன். அப்புறம் ஒன் கொட்டாய்க்கு ஆரணில ஒரு ஈ காக்கா வராது."

"சிந்தாதுங்க, மொதலாளி."

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு செய்ய வேண்டும். கியர் பாக்ஸ் முழுதாக மாற வேண்டும். அதிலிருந்து பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளக் குழாயை, புரொபெல்லர் ஷாஃப்ட் என்போம், அளவுக்கு அறுத்து ஒட்ட வேண்டும். பின் அச்சின் பல் சக்கரத்தையும் மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், நடக்கிற மனிதனுக்கு ஈடாகப் போகிற முதல் கியர் வேண்டும்.

அப்படி ஒரு கியர் பாக்ஸ் இந்த ஜில்லாவிலேயே ஒன்றுதான் இருந்தது. அதைச் செய்தவன் நான். மூன்று பழைய பாக்ஸ்களிலிருந்து நல்ல பற்களாகப் பொறுக்கி, ஏழு வருஷத்துக்கு முன்னால் தனக்கோடியின் டாக்சிக்குச் செய்து போட்டேன். அவன் படவேட்டிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஆள் ஏற்றுகிறவன். ஆறு பேரோடு அந்த டாக்சி மலை ஏறினால் ஆமை சுவரேறுவது மாதிரி இருக்கும், ஆனால் ஏறிவிடும்.

மெட்ராஸ் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் நூறு பாக்ஸ் கிடக்குமே என்கிறீர்கள். கிடக்கும். யார் கையில் எப்படி அடிபட்டதோ. தனக்கோடி கை எனக்குத் தெரியும். ஏழு வருஷத்தில் ஒருமுறைகூட அவன் கியரைக் கறகறக்க விட்டதில்லை. நியாயமாகத்தான் கேட்டேன்.

"தனக்கோடி, அத்த எனக்குக் குடு. வேற ஒண்ணு புச்சா போட்டுத் தரேன்."

"இன்னாண்ணா பேசற நீ? மலையில புள்ளத்தாச்சிய ஏத்திகினு வர வண்டிண்ணா இது."

"நான் செஞ்ச பாக்ஸ்தானே?"

"அதுக்கு? பொடவ நெய்ஞ்சவன் வந்து, கட்டிகினு இருக்கறவகிட்ட அவுத்துக் குடுன்னு கேட்டா குடுப்பாளா? அதுவும் எதுக்கு, மாப்ள நடக்கற வேகத்துல போறதுக்கு. அவர எறங்கி நடக்கச் சொல்லேன். காலு நல்லாதானே கீது?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். அவன் மேல் எனக்குக் கோபம் எதுவும் வரவில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்கிறவன் நான் இல்லை.

ஐப்பசியில் டாக்சியை சர்வீசுக்கு விட்டான். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் பிரேக் ஆயில் போகிற பைப் தேய்ந்து மெலிந்திருந்தது. நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்குத் தண்டனை உண்டா என்று உங்கள் புத்தகத்தில் பாருங்கள். கை பிரேக் அவன் வண்டியில் எந்தக் காலத்திலும் வேலை செய்ததில்லை. மலை டிரைவர்கள் சக்கரத்துக்குக் கல் வைத்துத்தான் நிறுத்துவார்கள். சர்வீஸ் முடிந்ததும் நான்கு சக்கரத்துக்கும் நானே எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் கொளுத்தி அனுப்பினேன். அதில் குறை வைக்கவில்லை.

மலைமேல் ஒரு டிராக்டர் நின்றுவிட்டது என்று சொல்லி, சில சாமான்களை அன்றே அவனிடம் கொடுத்துவிட்டதும் நான்தான். போகும்போது ஏற்றம், பிரேக் தேவைப்படாது. திரும்பும்போது இறக்கம், வண்டி காலியாக வரும். சவாரியோடு அனுப்பினால் நாலு குடும்பம் நாசமாகும். அந்த அளவுக்கு எனக்கு மனசாட்சி உண்டு. ஆனால் அவன் வழியில் பச்சையம்மாள் என்ற ஒரு பெண்ணைப் புளி மூட்டையோடு சும்மா ஏற்றியிருக்கிறான். வெயிலில் நடக்கிறாளே என்று. அவனுக்கு இரக்கம் அதிகம். அந்தப் பெண்ணை என் பேரில் எழுதுவது சரியில்லை.

படவேட்டுக்கு மேலே உள்ள திருப்பத்தில் வண்டி ஓடைக்குள் போய்விட்டது. இரண்டு பேரும் அங்கேயே முடிந்தார்கள். நான் பஸ்ஸில் போய்ப் படவேட்டில் காத்திருந்தேன், முதலில் ஓடியவர்களில் நானும் ஒருவன். கியர் தடியைத்தான் பார்த்தேன். இரண்டாவதில் இருந்தது.

இதை உங்களுக்கு விளக்க வேண்டும். பிரேக் போனால் டிரைவர் ஒன்று செய்யலாம். ஓடுகிற வேகத்திலேயே தடியை அடித்து முதல் கியருக்குத் தள்ளினால் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடித்துவிடும். உள்ளே பற்கள் நொறுங்கிப்போகும், உயிர் நிற்கும். மலையில் ஓட்டுகிற எல்லோருக்கும் இது தெரியும். தனக்கோடிக்கும் தெரியும். ஆனால் ஏழு வருஷமாக நான் அவனுக்கு ஒன்றையே சொல்லி வந்தேன்: "வண்டி ஓடறப்ப ஃபர்ஸ்ட்ல தள்ளாத, பல்லு போய்டும்." அந்தக் கை அதற்குப் பழகிவிட்டது. அப்போதும் தள்ளவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். வேறு டிரைவராக இருந்தால் இந்த யோசனையே எனக்கு வந்திருக்காது.

நொறுங்கின வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லி அவன் மனைவி தெய்வநாயகியே ஆள் அனுப்பினாள். "வேற யாரும் அத்தப் பிரிக்கக் கூடாது, அண்ணன்தான் பிரிக்கணும்" என்றாளாம். ஐந்தாம் நாள் அவளே கொட்டகைக்கு வந்தாள், வண்டியில் ஒட்டியிருந்த ரேணுகாம்பாள் படத்தைக் கேட்டு. புரொபெல்லர் ஷாஃப்ட் பெஞ்சின் மேல் இருந்தது. வேலூர் லேத் பட்டறையில் அறுத்துக் கொடுத்தது. பட்டறைச் சீட்டைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், தேதியோடு.

"இது எந்த வண்டிக்குண்ணா?"

"மொதலாளி காருக்கும்மா. நம்ம தனக்கோடி பாக்ஸுக்கு அளவு."

"எப்ப அறுத்தது?"

"இப்பதாம்மா."

அவள் வீட்டில் தறிப் பாவுக்கு இழை பிணைக்கிறவள். ஆயிரம் இழையில் எந்த இழை அறுந்தது என்று கண்டுபிடித்துப் பழகியவள். படத்தை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். மறுநாள்தான் கவனித்தேன், சீட்டையும் காணோம். அதில் இருந்தது விபத்துக்குப் பன்னிரண்டு நாள் முந்தைய தேதி. அது என் தப்புதான். ஆனால் அளவை முன்கூட்டி எடுக்காமல் எந்த நல்ல தொழிலாளியும் வேலையைத் தொடமாட்டான்.

கார்த்திகையிலேயே அவள் உங்களிடம் மனு கொடுத்திருக்கிறாள். நீங்கள் தை முடிய விட்டு வந்தீர்கள். முதலாளி வீட்டுக் கல்யாணம் கெடக்கூடாது என்ற மரியாதை. எனக்கும் அது உதவியாக இருந்தது. மாப்பிள்ளை அழைப்பில் கூட்டத்தை ஒதுக்கி விட்டதும் உங்கள் ஆட்கள்தான். நீங்கள் இரண்டாம் பந்தியில் சாப்பிட்டீர்கள். ஜாங்கிரி நன்றாக இருந்தது.

காரை நான்தான் ஓட்டினேன். பானெட் மேல் சொம்பு. விளிம்பு வரை தண்ணீர். முதல் கியரில் போட்டுக் காலை எடுத்தேன். நாதஸ்வரக்காரருடைய நிழலை மிதிக்காமல் அவர் பின்னாலேயே கார் போயிற்று. மாப்பிள்ளை தூங்கியே விட்டார். ஒரு சொட்டு சிந்தவில்லை. முதலாளி எல்லோர் முன்னிலையிலும் எனக்குப் பட்டுத் துண்டு போர்த்தினார்.

கோயிலிலிருந்து சத்திரம் வரை மூன்று பர்லாங். அதற்குப் பிறகு அந்தக் கார் கிளம்பவில்லை, ஐயா. முதலாளிக்கு இரண்டே மகள்கள். தார்ப்பாய் போட்டு மூடி, மேலே நூல் மூட்டை அடுக்கியிருக்கிறார். போன வாரம் போய்ப் பார்த்தேன். ஓடாத கியர் பாக்ஸில் ஆயில் அடியில் இறங்கி, மேல் பற்களில் துரு ஏறும். அதை நினைத்தால் எனக்கு இரவில் சாப்பாடு இறங்குவதில்லை. நீங்கள் வருத்தம் உண்டா என்று கேட்டதற்கு இதுதான் பதில்.

முழுதாகச் சொல்லச் சொன்னீர்கள். அந்தப் பிரேக் பைப் தானாக மெலியவில்லை. நான்தான் அரம் போட்டு ராவினேன். ஊருக்குள் ஓடும்வரை தாங்கி, இறக்கத்தில் மூன்றாவது மிதிக்கு விட்டுவிடுகிற அளவுக்கு. மூன்றாவது மிதிக்குத்தான் விட்டிருக்கிறது, ரோட்டில் ஆயில் விழுந்த இடத்தை அன்றே பார்த்துவிட்டேன். எழுதும்போது 'அறுத்தான்' என்று மொட்டையாக எழுதிவிடாதீர்கள். கோர்ட்டில் நாலு மெக்கானிக் படிப்பார்கள், ஏதோ வேலை தெரியாதவன் செய்தது என்று நினைத்துக்கொள்வார்கள்.