குறையாகச் சொல்லவில்லை

கோப்பிக்குச் சீனி கொஞ்சம் கூடிவிட்டது. குறையாகச் சொல்லவில்லை, குடிப்பேன். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும். ஆனாலும் இதைத் தமிழில் சொல்வதுதான் எனக்குச் சுகம். துர்க்கா என்ற இந்தப் பிள்ளை மொழிபெயர்க்கட்டும். ஒன்றையும் விடாமல் சொல்ல வேண்டும், பிள்ளை.

ஸ்ரீஸ்கந்தராசா அண்ணையும் நாங்களும் வெக்ஸ்போர்ட்டில் ஒரே கட்டடம். அவருக்குச் சத்தம் போட்டு ஏசத் தெரியாது. நாலு பேர் நிற்கும் இடமாகப் பார்த்து, மெல்லிய குரலில், "குறையாச் சொல்லேல்லைப் பிள்ளை" என்று தொடங்குவார். லோண்ட்ரி அறையில் நான் மெஷினை நிரப்பும் விதம் பிழை. லிஃப்டில் நான் சிரித்தது பிழை. நிற்கிறவர்கள் தலையாட்டுவார்கள். அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும் என்பதால் நானும் தலையாட்டுவேன்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு சித்திரையில் என் கணவர் யோசப் மாரடைப்பில் போனார். அவருக்குப் பகலில் தொழிற்சாலை, மாலையில் பெற்றோல் நிலையம், நடுவில் ஒரு டோனட். எனக்கு இரவு ஷிஃப்ட். பியூனரல் ஹோமில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். வரிசையில் வந்த அண்ணை என் கையைப் பிடித்தார்.

"குறையாச் சொல்லேல்லைப் பிள்ளை. சாப்பாட்டைக் கொஞ்சம் கவனிச்சிருந்தா அந்த மனுசன் இண்டைக்கு இருந்திருக்கும்."

பின்னால் நின்றவர்கள் தலையாட்டினார்கள். அவர் அன்பாகத்தான் சொன்னார், கண்கூடக் கலங்கியிருந்தது. அன்றிலிருந்து யோசப்பை நான்தான் கொன்றேன் என்று நம்பினேன். படுத்தாலும் அதே நினைப்பு, எழும்பினாலும் அதே நினைப்பு.

பனி தொடங்கியபோது அண்ணையின் காலில் புண் வந்தது. சீனி வருத்தக்காரர், நீரிழிவு. மகன் கீதனுக்கு ஒஷாவாவில் வேலை. மனைவி அருள்நாயகி அக்காவுக்கு ஆங்கிலம் வராது. "மக்டலீன் அன்ரி, அப்பாவை டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போறியளோ?" என்று கீதன் கேட்டான். போனேன்.

முதலில் ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்தேன். டொக்டர் கண்டிப்பானவர். இனிப்பை ஏன் விடவில்லை, வெறுங்காலோடு ஏன் நடந்தீர்கள் என்று ஏசுவார். நான் ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லச் சொல்ல அண்ணையின் முகம் சின்னப் பிள்ளையின் முகம் மாதிரிச் சுருங்கும். அது எனக்கு இனித்தது. ஏன் மறைக்க வேண்டும்?

ஒருநாள் அறையை விட்டு வெளியே வந்ததும், காத்திருந்த தமிழ்ச் சனத்துக்கு முன்னால் சொன்னார்.

"குறையாச் சொல்லேல்லைப் பிள்ளை, உப்பிடி முகத்தில அடிச்ச மாதிரிச் சொல்லாதை. கொஞ்சம் பதமாச் சொல்லப் பழகு."

நான் பதமாகச் சொல்லப் பழகினேன்.

மாசி மாதம் பெருவிரல் கறுத்திருந்தது. டொக்டர் குரலை உயர்த்தினார். இன்றைக்கே, இங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பிந்தினால் கால் போகும், இன்னும் பிந்தினால் ஆளே போய்விடுவார், ஏன் இவ்வளவு நாள் சும்மா இருந்தீர்கள் என்றார். அண்ணை என் முகத்தைப் பார்த்தார்.

"என்னவாம் பிள்ளை, ஏசுறாரோ?"

"இல்லை அண்ணை. ஆறிக்கொண்டு வருதாம். மருந்தைப் பூசிக்கொண்டு அடுத்த மாசம் வரட்டாம்."

அவர் டொக்டரைக் கைகூப்பிக் கும்பிட்டார். போகச் சம்மதம் என்று டொக்டர் நினைத்துக்கொண்டார். டாக்ஸி கூப்பிடவா என்று வாசலில் இருந்த பெண் கேட்டாள். மகன் காரோடு நிற்கிறான் என்றேன்.

லோரன்ஸ் பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். வீட்டுக்குப் போகிற வழியில்தான் ஆஸ்பத்திரி. சொல்லிவிடலாம் என்று மனம் அடித்துக்கொண்டது. "அண்ணை" என்று தொடங்கியும் விட்டேன். அவர் கையை உயர்த்தினார்.

"குறையாச் சொல்லேல்லைப் பிள்ளை, புருசன் போய் வருசம் திரும்பேல்லை. உந்தச் சிவப்புக் கோட்டுத் தேவையோ?"

முன்னால் இருந்த இரண்டு தமிழ்ப் பெண்கள் திரும்பி என் கோட்டைப் பார்த்தார்கள். அது யோசப் வாங்கித் தந்தது. ஆஸ்பத்திரித் தரிப்பில் பஸ் நின்றது. பிறகு போனது.

ஆள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையே என்று கிளினிக்கிலிருந்து போன் வந்தது, என் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம் என்றேன். அண்ணைக்குக் காய்ச்சல் கண்டதும் அருள்நாயகி அக்கா வந்து கதவைத் தட்டினார். "டொக்டருக்கு ஒருக்காப் போன் அடிச்சுச் சொல்லுவமோ?" மருந்து வேலை செய்தால் அப்படித்தான் காயும் என்றேன். அவர் நம்பிப் போனார். நஞ்சு இரத்தத்தில் ஏறிய பிறகுதான் அம்புலன்ஸ் வந்தது.

சாவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்லாமல் விட்டேன். பொலிஸ்காரர் நீங்கள் அதைக் கொலை என்கிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் அவரை ஒரு சொல் ஏசியதில்லை. மற்றவர்களுக்கு முன்னால் மனிதரைக் குத்திக் காட்டும் குணம் எனக்குக் கிடையாது.

அதே பியூனரல் ஹோம். அருள்நாயகி அக்கா பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். என் முறை வந்ததும் அவருடைய கையைப் பிடித்தேன். "குறையாச் சொல்லேல்லை அக்கா," என்றேன், "அந்தக் காலைக் கொஞ்சம் கவனிச்சிருந்தா அண்ணை இண்டைக்கு இருந்திருப்பார்." பின்னால் நின்றவர்கள் தலையாட்டினார்கள். நான் ஆறுதலாகத்தான் சொன்னேன்.

ஏன் பிள்ளை துர்க்கா, நிறுத்திவிட்டாய்? குறையாகச் சொல்லவில்லை, ஒன்றையும் விடக்கூடாது.