பன்னிரண்டு படி

— பத்தாம் அத்தியாயத்துல ஆயிரம் ஈட்டிக்கு நடுவுல தனியா நின்னவன் சார் உங்க தளபதி. நீங்க இந்தப் பன்னிரண்டு படி ஏறிப் போய், 'தப்பு என்னுது'ன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

— மெதுவாப் பேசும்மா. மேல முதலாளி காதுல விழுந்துடப் போகுது. என் தளபதியைப் பத்தி நீ பேசாதே. பிழை திருத்துறவளாச்சேன்னு உன்னை நம்பிப் புத்தகத்தைக் குடுத்தேன். கடைசி அத்தியாயத்துல அவன் எங்கே இருக்கான் பாரு. கையில கரண்டியோட மாவு மூட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கான்!

— பார்த்தேன் சார்.

— பாலத்து மேல வாளோட நிக்கிறவன் யாரு? சமையல்காரன்! ராஜகுமாரி மாலை போட்டதும் அவனுக்குத்தான். ஆயிரம் பிரதியிலயும் போட்டிருக்கா. முப்பது வருஷமா வீரத்தையே எழுதின கைம்மா இது.

— அந்தக் கையிலதான் சார் போனைப் பிடிச்சுக்கிட்டு, முடிவெட்டுற கடையிலிருந்து பேசினீங்க. 'தளபதிக்கு வச்ச பேரு எடுப்பா இல்லை, சமையல்காரன் பேருதான் கம்பீரமா இருக்கு, ரெண்டு பேரையும் ஒருத்தருக்கொருத்தர் மாத்திடுங்க'ன்னீங்க.

— கத்தரிச் சத்தத்துக்கு நடுவுல உதிச்ச யோசனை. இலக்கியம்னா எங்கே, எப்ப உதிக்கும்னு சொல்ல முடியுமா?

— முடியாதுதான். டைப் அடிக்கிற அண்ணன் இருபத்திரண்டு அத்தியாயத்துலயும் மாத்தினார். அதுக்கப்புறம்தான் கடைசி அத்தியாயத்தை எழுதி அனுப்பினீங்க. அதுல நீங்களே புதுப் பேரைப் போட்டு எழுதியிருந்தீங்க. அவர்கிட்ட அதைச் சொல்லல. புத்தகம் முழுக்க மாத்தணும்னு நீங்க சொன்ன சொல்லுக்கு மரியாதை குடுத்து, அதையும் மாத்திட்டார். அதுல மட்டும் பேரு திரும்பவும் தலைகீழாயிடுச்சு.

— அப்ப நீ கவனிச்சிருக்கணும்.

— கவனிச்சதாலதானே ஃபைனல் புரூஃபைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு ஓடி வந்தேன்? 'கடைசி அத்தியாயத்தை மட்டும் ஒரு தடவை பார்த்துடுங்க சார், பேரு எங்கேயோ இடிக்குது'ன்னேன். ஸ்கூட்டர் இஞ்சினைக்கூட நீங்க அணைக்கல. பின் சீட்டு மேல வச்சு 'அச்சுக்குப் போகலாம்'னு எழுதி, கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டீங்க.

— கூட்டத்துக்கு நேரமாயிடுச்சும்மா. ஐந்நூறு பேர் எனக்காகக் காத்துக்கிட்டிருந்தாங்க.

— என்ன பேச்சு சார் அன்னைக்கு?

— அது இப்ப எதுக்கு?

— சும்மாதான் கேட்டேன்.

— 'நெஞ்சுரம்.'

— நல்ல தலைப்பு.

— கேலி பண்றியா?

— ஐயோ, எனக்கெதுக்கு வம்பு? நீங்க பேசுறதை நான் என்னைக்காவது குறை சொல்லியிருக்கேனா? கையெழுத்துப் போட்ட தாள் இதோ, என் டிராயர்லதான் இருக்கு.

— இருக்கா? எங்கே, குடு பார்ப்போம்.

— கிழிச்சிட மாட்டீங்களே?

— சேச்சே! நான் அப்படிப்பட்ட ஆளா?

— அப்ப ஏன் சார் கண்ணு குப்பைக்கூடைப் பக்கம் போகுது?

— தூசிம்மா, தூசி. சரி, முதலாளிகிட்ட இதைக் காட்டிட்டியா?

— இல்லை. காட்டிக் குடுக்கிற புத்தி எனக்குக் கிடையாது. நீங்களே போய்ச் சொன்னா உங்களுக்கும் மரியாதை, அண்ணனுக்கும் வேலை நிலைக்கும். காலையில முதலாளி சொன்னதைத்தான் சொன்னேனே. 'அஞ்சு மணிக்குள்ள தப்பு யாருதோ அவங்க மேல வந்து என்கிட்ட சொல்லட்டும். இல்லாட்டி டைப் அடிக்கிறவர் நாளையிலிருந்து வர வேண்டாம்'னுட்டார். இப்ப மணி நாலே முக்கால்.

— போனா என்ன? ஊர்ல வேற அச்சகமே இல்லையா?

— அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகி மூணு மாசம்தான் சார் ஆகுது. 'தளபதியையும் சமையல்காரனையும் மாத்தி அடிச்சவர்'னு இங்கேயிருந்து வெளியே போனார்னா, கண்ணு போயிடுச்சுன்னு பேராயிடும். அப்புறம் யார் சேர்த்துப்பாங்க? அவர் கண்ணு நல்லாத்தான் இருக்கு. நீங்க சொன்னதுல ஒரு எழுத்து விடல.

— பாவம்தான்.

— 'பாவம்'னு இங்கே உக்காந்து சொல்றதை மேல போய்ச் சொல்லுங்க சார்.

— சொல்றேன், சொல்றேன். எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிக்கிறேன். 'விதி விளையாடிவிட்டது'ன்னு ஆரம்பிச்சா?

— விதி என்ன சார் பண்ணுச்சு? 'படிக்காம கையெழுத்துப் போட்டேன்'னு சொல்லுங்க.

— அவ்வளவு மொட்டையாவா? என் தளபதி ராஜா முன்னாடி என்னமாப் பேசுவான்! 'என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள் மன்னா, என் வாய்மையை எடுக்க முடியாது!' கைதட்டல் வாங்கின இடம்மா அது.

— உங்க தலையை இங்கே யாரும் கேக்கல சார். ஒரு வாக்கியம் போதும்.

— உனக்குப் புரியாது. விருதுக் கமிட்டிக்கு இந்தப் புத்தகம்தான் போயிருக்கு. எழுதினவனே படிச்சுப் பார்க்கலைன்னு வெளியில தெரிஞ்சா ஊர் சிரிக்காதா?

— ஊர் ரெண்டு நாள் சிரிக்கும். அண்ணன் வீட்டுல எத்தனை நாள் அழுவாங்கன்னு யாருக்குத் தெரியும்? மேல இருந்து ஒருத்தர் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுத்தான் சார் இருக்கார்.

— உடனே கடவுளைக் கூப்பிடாதே. சரி, நகரு. போறேன்.

— மகராசனாப் போங்க. அந்தப் பசை டப்பாவைத் தாண்டிப் போங்க, வேட்டியில ஒட்டிக்கும்.

.

— என்ன சார், அதுக்குள்ள சொல்லிட்டு வந்துட்டீங்களா?

— மூணு படி ஏறினேன்மா. முழங்கால்.

— போன வாரம் மேடையில விடுவிடுன்னு ஏறினீங்களாமே?

— அதுக்குக் கைப்பிடி இருந்துச்சு.

— இதுக்கும் இருக்கே சார்.

— இருக்கு. ஆனா மேடையில ஏறினா மாலை போடுவாங்க. இங்கே ஏறினா என்ன போடுவாங்க? தண்ணி குடு. நீ சொல்றது சுலபம், பிழை திருத்துறவளுக்கு என்ன பேரு கெட்டுடும்? பதினாறு வருஷமாப் பார்க்கிறேன், முதலாளி எதிர்ல வந்தா நீயே தூணோட தூணாத்தானே ஒண்டிக்குவே?

— வாஸ்தவம் சார். என்னை மாதிரி பயந்தாங்கொள்ளி இந்தக் கட்டடத்துலயே கிடையாது. அதனாலதானோ என்னவோ, உங்க தளபதியைவிட எனக்குச் சமையல்காரனைத்தான் பிடிக்கும்.

— அவனையா? சிரிப்புக்காகச் சேர்த்த ஆளும்மா அவன்!

— ஏழாம் அத்தியாயத்துல, மழையில நிக்கிற காவல்காரனுக்குச் சூடாச் சாப்பாடு மூடி எடுத்துக்கிட்டுப் போவானே? இருட்டைக் கண்டா பயம், நாயைக் கண்டா பயம், தன் நிழலைப் பார்த்தே ஒரு தடவை கும்பிடு போடுவான். ஆனாலும் போவான். தளபதிக்குப் பயமே தெரியாது. பயம் தெரியாதவன் நிக்கிறதுல என்ன சார் பெருமை?

— இந்த வரியை எங்கேயாவது எழுதி வை. அடுத்த கூட்டத்துல சொல்றேன்.

— சொல்லுங்க. இப்ப மேல போங்க.

— இல்லைம்மா, கேளு. வீட்டுக்குப் போய் முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதுறேன். உருக்கமா, பத்துப் பக்கத்துக்கு. படிச்சார்னா கண்ணீர் விடுவார்.

— அது நாளைக்குத்தானே வந்து சேரும்? அண்ணன் இன்னைக்கே பையை எடுத்துக்கிட்டுப் போயிடுவாரே. சாப்பாட்டு டப்பாவைக்கூடக் கழுவிக் கவுத்துட்டார்.

— மிஷின் சத்தம் ஏன் நின்னுடுச்சு?

— எல்லாரும் அஞ்சு மணிக்குக் காத்திருக்காங்க சார். கேக்குதா? செருப்புச் சத்தம். முதலாளியே இறங்கி வர்றார்.

— ஐயையோ! அந்தத் தாளை உள்ளே வை, உள்ளே வை! வாங்க முதலாளி, வாங்க! மழை வர்ற மாதிரி இருக்குல்ல?

— மழை வரட்டும், நல்லதுதானே. எழுத்தாளர் ஐயாவும் இங்கேதான் இருக்கீங்களா? என்னம்மா, முகம் வெளுத்துப் போயிருக்கு? ஏதாச்சும் சொல்லணுமா?

— எனக்கெதுக்கு… இல்லை, சொல்லணும் முதலாளி. இந்தத் தூணைப் பிடிச்சுக்கிட்டே சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. தப்பு என்னுது. கடைசியாப் பார்த்து அனுப்புறவ நான்தானே? பேரு இடிக்குதுன்னு தெரிஞ்சும் விட்டுட்டேன். டைப் அடிக்கிற அண்ணனை ஒண்ணும் சொல்லிடாதீங்க.

— ஆகா, பார்த்தீங்களா முதலாளி, வலிய வந்து ஒத்துக்கிட்டாங்க! எவ்வளவு பெரிய மனசு! நான் மன்னிச்சுட்டேன்மா. மனசார மன்னிச்சுட்டேன்.

— கொஞ்சம் இருங்க ஐயா. காலையிலிருந்து இந்தம்மா நாலாவது ஆள்.

— நாலாவதா?

— முதல்ல டைப் அடிக்கிறவர் வந்து தன் தப்புன்னார். அடுத்து மிஷின் ஓட்டுறவர் வந்து, மை கூடிப் போச்சு, அதனாலதான்னார். அப்புறம் அச்சான தாளை மடிக்கிற அக்கா வந்து, மடிக்கும்போது தப்பாயிடுச்சுன்னாங்க. மடிச்சா பேரு எப்படிம்மா மாறும்னு கேட்டேன். அழ ஆரம்பிச்சுட்டாங்க.

— என்ன அச்சகம் இது! இத்தனை பேர் சேர்ந்து தப்புப் பண்ணினா என் புத்தகம் எப்படி விளங்கும்?

— அஞ்சு மணிக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு ஐயா. அன்னைக்கு வாசல்ல ஸ்கூட்டர் சீட்டு மேல வச்சு, பக்கத்தைக்கூடப் புரட்டாம கையெழுத்துப் போட்டவரை மாடி ஜன்னல்ல நின்னு நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். அவர் ஒருத்தர்தான் இன்னும் வரல. பாவம், முழங்கால் வலியோ என்னவோன்னு, பன்னிரண்டு படியையும் நானே இறங்கி வந்துட்டேன்.