அலமாரிக்குள் வளர்ந்த அவரை

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, கதவோரம் நிற்கிறவர்களும் வந்து உட்காருங்கள். ஓர் அவரைச் செடி ஒரு பள்ளிக்கூடத்தையே ஆட்டிவைத்த கதை இது. மூன்றாம் வகுப்பு டீச்சரும் தலைமையாசிரியரும் பேசிக்கொண்டதை அப்படியே சொல்கிறேன்.

தலைமையாசிரியர்: ...என் விரலைப் புடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்க்குதுங்க டீச்சர், உங்க வகுப்புப் பொடிசுங்க! என்னடா பண்றீங்கன்னா, ‘நீங்க என்ன நினைக்கிறீங்க சார்’ங்குதுங்க!

டீச்சர்: பதிலை நாம சொல்லக் கூடாது, பிள்ளைங்களே கண்டுபிடிக்கணும்னு புதுப் பாடமுறை சார்... அந்தப் பழக்கம்தான்.

தலைமையாசிரியர்: அந்தப் பாடமுறையைப் பார்க்க கல்வி ஆபிசரம்மா பத்து மணிக்கு வர்ற நேரத்துலயா?

டீச்சர்: எல்லாம் அந்த அவரைச் செடியாலதான். ஒரு தொட்டி ஜன்னல்ல, ஒண்ணு அலமாரிக்குள்ள இருட்டுல வெச்சோமே...

தலைமையாசிரியர்: இருட்டுல வெச்சதுதான் நெட்டையா நிக்குதாமே?

டீச்சர்: வெயில்ல வெச்சதுதான் உசரமா வளரும்னு ஆபிசருக்கு முன்னாடியே எழுதிக் குடுத்துட்டேன் சார்.

தலைமையாசிரியர்: இன்னிக்கு அவங்க தலையாட்டலைன்னா இந்தப் பாடமுறைக்கு முழுக்குதான். நாளையிலேருந்து பழையபடி ஒப்பிக்க வேண்டியதுதான்.

டீச்சர்: அப்புறம் பிள்ளைங்க முகத்துல முழிக்க முடியாது சார்.

தலைமையாசிரியர்: சரி, என் விரல் எதுக்கு?

டீச்சர்: நேத்து சாயங்காலம் தொட்டிங்களை மேஜையில வெச்சு ‘வெயில்’, ‘இருட்டு’ன்னு சீட்டு கட்டினாங்க. காலையில பார்த்தா முடிச்சு வேற மாதிரி இருக்காம். அதான் யார் அவிழ்த்ததுன்னு எல்லார் விரலையும் பார்க்குறாங்க.

தலைமையாசிரியர்: சீட்டு... மாறியிருக்கா?

டீச்சர்: இல்ல சார். நெட்டையில ‘இருட்டு’ன்னுதான் இருக்கு.

தலைமையாசிரியர்: அதெப்படி இருக்கும்!

டீச்சர்: அதானே சார்! எப்படி... அதாவது, ஏன் இருக்கக் கூடாது?

தலைமையாசிரியர்: அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். எலி அவிழ்த்திருக்கும்.

டீச்சர்: எலியேதான் சார்!

தலைமையாசிரியர்: ஆனா எலி திரும்ப முடிச்சுப் போடுமா?

டீச்சர்: நீங்கதானே சார் எலின்னீங்க!

தலைமையாசிரியர்: என்னமோ, முதல்ல விசாரணையை நிறுத்தச் சொல்லுங்க.

டீச்சர்: எப்படிச் சார்? ‘ஏன்’னு கேளுங்கன்னு சொல்லிக்குடுத்ததே நான்தானே... இதோ வகுப்பு லீடரே வர்றா. என்னடி வாலு?

வாலு: கண்டுபிடிச்சிட்டோம் டீச்சர்! ஒரு ஆள் இல்ல, ரெண்டு ஆள்!

தலைமையாசிரியர்: ரெண்டு எலியா?

வாலு: எலிக்குச் சாக்பீஸ் ஏது சார்? சீட்டுல ரோஸ் சாக்பீஸ் தூள், அதுக்கு மேல பச்சை மை. முதல் ஆள் மாத்திக் கட்டினதை ரெண்டாவது ஆள் வந்து மறுபடியும் மாத்திட்டாங்க. இந்தப் பள்ளிக்கூடத்துல பச்சைப் பேனா ஒருத்தர்கிட்டதான்...

டீச்சர்: சார்... நீங்களுமா?

தலைமையாசிரியர்: என்னது, ‘நீங்களுமா’வா! விடியறதுக்கு முன்னாடி வந்தேன்மா. லைட்டைப் போட்டா வாட்ச்மேன் வந்துடுவாரேன்னு தடவித் தடவி மாத்தினேன். நீங்க முந்திக்கிட்டது எனக்கெங்க தெரியும்!

டீச்சர்: போச்சு... வாலு, என் தங்கம்ல, ஆபிசரம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதடி!

வாலு: அவங்க அப்பவே வந்துட்டாங்களே டீச்சர். எங்களோட தரையில உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்ததே அவங்கதான்.

தலைமையாசிரியர்: ஐயய்யோ!

வாலு: இருட்டுச் செடி வெளிச்சத்தைத் தேடித் தேடி எக்கியிருக்கு, அதான் நெட்டை. ஆனா வெளுத்துப் போச்சு, தண்டு நிக்க மாட்டேங்குதுன்னு சொன்னோம். கை தட்டினாங்க! அடுத்த வருஷமும் இதே மாதிரிதான் படிக்கணுமாம்.

டீச்சர்: அப்பாடா! எங்களைப் பத்தி... ஒண்ணும் சொல்லலையே?

வாலு: சொன்னாங்க டீச்சர். இனிமே ராத்திரியில தொட்டிங்களை அலமாரியில வெச்சுப் பூட்டணுமாம், சாவி எங்ககிட்டதான் இருக்கணுமாம்.

உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும் கண்ணுகளா. அங்கே எந்தப் பிள்ளை ‘ஏன்’ என்று கேட்டாலும், அதன் வாயை யாரும் அடைக்காதிருக்கட்டும்.