அந்தக் கை தம்பியுடையது

பஸ்ஸில் காதில் விழுந்ததை எழுதுவது பாவமாகிவிடுமோ என்று பல வருடம் தயங்கினேன். முருகன் மன்னிக்கட்டும், எழுதிவிடுகிறேன்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிற பஸ். முன் சீட்டில் அண்ணனும் தம்பியும். அப்பாவின் காரியத்துக்குக் கல்லாவி போகிறவர்கள். அண்ணன் மடியில் கண்ணாடி போட்ட பெரிய படம். அதில் அப்பாவும், பக்கத்தில் அண்ணனும்.

"மூஞ்சி உன்னுது, கை என்னுதுண்ணா," என்றான் தம்பி.

எட்டிப் பார்த்தேன். அப்பாவைத் தாங்கிய கையில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. கம்பியைப் பிடித்திருந்த தம்பியின் கையும் அப்படியே.

"கம்ப்யூட்டர் சென்டர்ல இப்பத்தான்டா கத்துக்கறேன். தலையை மாத்த வந்துச்சு, கையை மாத்த வரல."

"எதுக்கு மாத்தின?"

"நான் அப்பாகூட நின்ன படமே இல்லடா. கம்பெனில லீவு குடுத்தாத்தானே? பெரியவன் எங்கேன்னு சொந்தக்காரங்க கேப்பாங்க."

"ஆறு மாசம் மூத்திரம் அள்ளினது நானு. பிடிச்சுக்கிட்டு நிக்கறது நீயா?"

"தப்புதான்டா."

"சரி விடு. பழைய படத்தை எனக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் குடு."

சூளகிரி தாண்டியதும் அண்ணன் சொன்னார்: "அது மேலயே சேவ் பண்ணிட்டேன்டா. கேமராலயும் அழிச்சுட்டேன்."

"எனக்கும் அப்பாகூட அது ஒண்ணுதாண்ணா."

தம்பி கண்ணாடிமேல், தன் கை தெரிந்த இடத்தில், கையை வைத்துக்கொண்டான். கிருஷ்ணகிரி வரும்வரை எடுக்கவில்லை.

இதை யாருக்காவது சொல்வதானால், ஆளை மாற்றாமல் அப்படியே சொல்லுங்கள். தாங்கினவன் தம்பி.