அறுபத்தாறாவது கையெழுத்து

மேடையில் அமர்ந்திருக்கும் குருவானவர் அவர்களே! ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் சமுத்திரம் ஐயாவோடு முப்பது ஆண்டுகள் பக்கத்து மேஜையில் வேலை பார்த்த பெரியவர் கண்ணுச்சாமி அவர்களே! முன்வரிசையில் இருக்கும் ஐயாவின் துணைவியார், அம்மா மாரிக்கனி அவர்களே! மண்டபம் கொள்ளாமல் வாசல் வரை நிற்கும் ராஜபாளையத்து மக்களே! உங்கள் அனைவருக்கும் கனத்த நெஞ்சோடு என் வணக்கம்.

போன வியாழக்கிழமை மறைந்த ஐயா சமுத்திரம் அவர்களைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். சபைச் செயலாளர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ரத்தினம் என்று என் பெயரை நீட்டி முழக்கினார்கள். ஐயாவின் கணக்கில் நான் ஒரு வரியை விட்டுவிட்டு எழுதிய ஆள், அவ்வளவுதான். அதையும் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் சபையின் நூற்றாண்டுக்கு வேதாகமம் முழுவதையும் கையால் எழுதுவது என்று தீர்மானித்தோம். வீட்டுக்கு வீடு அதிகாரம் பிரித்துக் கொடுத்தோம். மில்லுக்குப் போகும் பெண்கள் ஷிப்டு முடிந்து வந்து எழுதினார்கள். பட்டாளத்தில் இருக்கும் தம்பிகள் லீவில் வந்து எழுதினார்கள். எழுதியாயிற்று. சரிபார்ப்பது யார்? அப்போது குருவானவர் அழைத்து வந்தவர்தான் சமுத்திரம் ஐயா. நெற்றி நிறைய விபூதி! தீர்ப்பு நகல்களை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே அவர் வாழ்நாள் வேலை. ஒருவர் மூலத்தை வாசிக்க வேண்டும், மற்றவர் நகலில் விரல் வைத்துக்கொண்டே வர வேண்டும். அதுதான் முறை.

வாசித்தவர் யார் தெரியுமா? இதோ இந்த அம்மா! வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோவிலுக்குப் போகிறவர், ஆதியாகமம் தொடங்கி இரண்டு வருடம் உரக்க வாசித்தார். நம்மில் எத்தனை பேர் முழுதாக வாசித்திருக்கிறோம்? கை தூக்கச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள். "ஏம்மா, உங்க சாமி கோவிச்சுக்கிடாதா?" என்று ஒருநாள் கேலியாகக் கேட்டேன். "எங்க ஆத்தா எதுக்கு சார் கோவிக்கா? நல்லதத்தான வாசிக்கேன்" என்றார்.

ஒவ்வொரு புத்தகம் முடிந்ததும் அடியில் "ஒப்பிட்டேன், சரி" என்று எழுதி ஐயா கையெழுத்துப் போடுவார். வேதாகமத்தில் புத்தகங்கள் அறுபத்தாறு. கையெழுத்தும் அறுபத்தாறு என்பது ஏற்பாடு.

இனி என் கதை. நூற்று முப்பத்தாறாம் சங்கீதத்தை நான் கேட்டு வாங்கி எழுதினேன். இருபத்தாறு வசனம், எல்லாம் 'அவர் கிருபை என்றுமுள்ளது' என்ற ஒரே முடிவு, வேலை சுளுவு என்று நினைத்தேன். தலைமையாசிரியர் எழுதியதை வேறு யார் திருத்துவது என்ற மிதப்பில், ஐயா பார்ப்பதற்கு முன்பே சங்கீதத் தொகுதியை பைண்டிங்குக்கு அனுப்பிவிட்டேன். கட்டி வந்த புத்தகத்தை ஐயா விரித்து வைத்துப் பார்த்தார். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்.

"சார், நூத்தி முப்பத்தாறுல ஒரு வசனத்தக் காங்கல."

"எல்லாம் ஒண்ணு போலத்தானே முடியுது ஐயா. ஒண்ணு குறைஞ்சா யாருக்குத் தெரியப்போகுது?"

"ஒண்ணு போல முடியறதாலதான் சார் கண்ணு தாவிட்டு. கிணத்துப் பாத்தியதைத் தீர்ப்புல ஒரு வரி விழுந்தா ஒரு குடும்பம் தண்ணியில்லாம நிக்கும். இது கிணத்தவிடப் பெருசுன்னு நீங்கதான சொல்லுதிய?"

தைத்த புத்தகத்தைப் பிரித்தோம். பக்கத்தை மறுபடி எழுதினேன். ஒரு வாரம் அவர் வீட்டுப் பக்கமே போகவில்லை. ஆமாம், அவ்வளவு கோபம் எனக்கு!

அந்தக் கோபத்தில்தான், ஒரு வரிக்கு இவ்வளவு அடமா என்று பார்க்க, வேதாகமத்தைப் பிரதி எடுத்தவர்களின் வரலாற்றை நான் படிக்கத் தொடங்கினேன். அச்சு இயந்திரம் இல்லாத காலம். எழுத்தை எண்ணி எண்ணிப் பிரதி எடுத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். புத்தகத்தைக் கொளுத்தச் சொன்ன ராஜ்யத்தில், உயிரைக் கொடுத்தாலும் ஏட்டைக் கொடுக்க மாட்டேன் என்றவர்கள் இருந்திருக்கிறார்கள். சவக்கடல் ஓரத்துக் குகையில் வேதாகமத்தின் ஏசாயா புத்தகம் எழுதிய சுருள் ஒன்று கிடைத்தது. அதுவரை உலகத்தின் கையில் இருந்த எபிரெயப் பிரதியைவிட ஆயிரம் வருடம் மூத்தது! சில்லறை வித்தியாசங்கள் உண்டு, மறைப்பானேன்? ஆனால் நூல் அதே நூல்! ஆயிரம் வருடம், எத்தனை கை, எத்தனை கண்! இன்னும் கேளுங்கள். அந்தச் சுருளில் ஒரே மாதிரிச் சொற்கள் இரண்டு முறை வரும் இடத்தில் எழுதியவனின் கண் தாவியிருக்கிறது. விட்டுப்போனதை இன்னொரு கை இடுக்கில் எழுதிச் சேர்த்திருக்கிறது. என் தப்பு! இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே என் தப்பு! அங்கேயும் யாரோ ஒரு சமுத்திரம் விரல் வைத்து உட்கார்ந்திருந்திருக்கிறார். மறுநாளே பஸ் ஏறிப் போய் ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "சார், காப்பி ஆறுது" என்றார்.

பிறகு அவருக்கு மூச்சுத்திணறல் வந்தது. கட்டில் அருகே ஆக்சிஜன் சிலிண்டர். அப்போதும் அம்மா வாசித்தார், ஐயா விரல் வைத்தார். மறைவதற்கு இரண்டு நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலில் பத்தொன்பதாம் அதிகாரம் முடிந்தது. மீதி மூன்றே அதிகாரம். எழுதிய வேதாகமத்தை ஆலயத்தில் வைக்கும் பிரதிஷ்டை வரும் ஞாயிறு. மறுபடியும் நான்தான் வாயைக் கொடுத்தேன். "ஐயா, முடியாத உடம்போட எதுக்குச் சிரமம்? கையெழுத்த மட்டும் போட்டுருங்க."

"பாக்காததுக்கு எப்படி சார் போட?" என்றார். என்னிடம் அவர் பேசிய கடைசி வார்த்தை அதுதான். அறுபத்தைந்து கையெழுத்து இருக்கிறது. அறுபத்தாறாவது இடம் காலியாக இருக்கிறது.

என் அன்பு மக்களே! இப்படிப்பட்ட மனிதருக்கு நாம் என்ன செய்யப் போகிறோம்? படம் திறந்து, மாலை போட்டு, ஒரு நிமிடம் மௌனம் காத்துக் கலைந்துவிடலாமா? இன்று காலை துக்க வீட்டில் அம்மா என்னைத் தனியே அழைத்தார். "சார், பேசி முடிச்சதும் அந்த நோட்டக் கொண்டாங்க. மூணு அதிகாரம் பாக்கி கெடக்கு. பாதியில விட்டா அவிய ஒத்துக்கிட மாட்டாக" என்றார்.

கொண்டுவந்திருக்கிறேன். யாரும் எழுந்து போகாதீர்கள். பத்தொன்பதாம் அதிகாரம் வரை ஒப்பிட்டவர் சமுத்திரம் என்று எழுதுவோம். அவர் கையெழுத்தை நாம் போட மாட்டோம். மீதி மூன்றையும் பார்த்து முடித்தால் மட்டும், அதன் கீழே என் பெயர் வரும். தப்பு இருந்தால், ஞாயிற்றுக்கிழமை பிரதிஷ்டை இல்லை. கண் தாவிய ஆள் நான், அதனால் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு என்னோடு கூட வாருங்கள்.

தம்பி, மைக்கை அம்மாவிடம் கொடு. இருபதாம் அதிகாரம், முதல் வசனம். விரல் வைத்துவிட்டேன். வாசிங்கம்மா.