இடது பக்க விளக்கு

கரண்டு வர இன்னும் நேரமாகும். நெருங்கி உட்காருங்கள்... சூளைச் சுவரில் விடியும்வரை சூடு இருக்கும். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள். பாதியில் சிரித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும். இது நம் அன்புச்செல்வனின் தங்கை குடும்பத்தில் நடந்தது. அவன் இன்று ஷிஃப்டில் இல்லை. அதனால்தான் சொல்கிறேன்.

இரவு பத்து நாற்பது. விருத்தாசலத்திலிருந்து வேப்பூர் போகிற ரோடு. நல்லூர் பிரிகிற இடத்தில் கூரை போன ஒரு பஸ் நிழற்குடை. பக்கத்தில் ஒரு வீடு கிடையாது. தவளைச் சத்தம்... ஈர மண் வாசனை... அவ்வளவுதான்.

அன்புச்செல்வனின் தங்கை சிவசங்கரி வேப்பூரில் நர்ஸ். பத்தரை பஸ்ஸில் வந்து அங்கே இறங்குவாள். அவள் புருஷன் ஆனந்தராஜ் டவுனில் ஷிஃப்டு முடிந்து காரில் வந்து, அவளை ஏற்றிக்கொண்டு நல்லூருக்குப் போவான். கார் கண்ணில் பட்டதும் செல்போன் டார்ச்சை இரண்டு தடவை அடித்துக் காட்டுவாள். அதுதான் அடையாளம்.

ஆனந்தராஜும் நம்மைப் போலச் சூளைக்காரன்தான். ஓட்டை வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சூடு எவ்வளவு என்று சொல்லிவிடுவான். கார் பதினைந்து வருஷத்துப் பழசு. முன்னால் செனான் விளக்கு. புதிதில் பாலாக எரிந்திருக்கும். இவன் கைக்கு வந்தபோது கண்ணாடி மஞ்சள் பூத்துக் கிடந்தது. பல்பு ஊதாவும் சிவப்புமாக ஒரு நிறத்தில் எரிந்தது. பத்தடிக்கு மேல் ரோடு தெரியாது.

"ஏங்க, மொதல்ல இந்த லைட்ட மாத்துங்க. ஒரு நாளு எம் மேலயே ஏத்திடப் போறீங்க."

"ஆயுத பூஜைக்கு எப்படியும் வண்டிய சுத்தம் பண்ணணும். அப்ப சேத்து மாத்திக்கலாம் சங்கரி."

நெருப்பின் நிறம் தெரிந்தவன்... தன் வண்டி விளக்கு சாகிற நிறத்தை ஆறு மாதம் பார்த்துக்கொண்டே ஓட்டினான். நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. நாம் மட்டும் என்ன? எல்லாவற்றுக்கும் ஒரு நாள் பார்த்துத்தான் வைத்திருக்கிறோம்.

ஆயுத பூஜைக்கு ஒன்பது நாள் இருந்தது. நல்ல மழை. நிழற்குடை அருகே வேகத்தைக் குறைத்துப் பார்த்தான். யாரும் தெரியவில்லை. பஸ் வரவில்லை போலிருக்கிறது, வேப்பூருக்கே போய்க் கூட்டிவரலாம் என்று தாண்டிப் போய்விட்டான்.

அவள் அங்கேதான் நின்றிருந்தாள். டார்ச்சும் அடித்திருக்கிறாள்; கொட்டுகிற மழையில் அந்தச் சின்ன வெளிச்சம் அவன் கண்ணில் படவில்லை. கார் நிற்கவில்லை என்றதும் ரோட்டில் இறங்கிப் பின்னாலேயே ஓடியிருக்கிறாள்... அடுத்து வந்த லாரிக்காரனுக்கும் மழையில் ஒன்றும் தெரியவில்லை.

சாப்பாட்டுப் பைக்குள் கிடந்த போனில் நாலு மிஸ்டு கால். வேப்பூர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்ற பிறகுதான் அதைப் பார்த்தான்.

காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினான். முதல் நாள் இரவே, அதே இடம்... மங்கல் வெளிச்சத்தின் இடது ஓரத்தில் ஒரு புடவைக் கரை. ஒரு மினுக்... இன்னொரு மினுக். பிரேக் அடித்து இறங்கி ஓடினான். யாருமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது அவள் மேல் வீசும் டெட்டால் வாசனை மட்டும் இருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

அன்புச்செல்வனிடம் வந்து சொன்னான். "வெளிச்சம் பத்தல மச்சான். லைட்டு நல்லா இருந்தா மூஞ்சி தெரிஞ்சிடும். ஒரே ஒரு தடவ பாத்து மன்னிச்சிடுன்னு சொல்லிட்டா போதும்."

ஜங்ஷன் ரோட்டில் தங்கதுரை என்று ஒரு மெக்கானிக். விளக்கைக் கழற்றித் தண்ணீர் விட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். முதலில் சொரசொரப்பான தாள், பிறகு நைஸ். மஞ்சள் தண்ணீர் வழிந்து சாக்கடைக்குப் போனது. அப்புறம் பாலிஷ். இரண்டு பக்கமும் புது பல்பு. சுவிட்சைப் போட்டால் எதிர்ச் சுவர் பட்டப்பகலாக இருந்தது.

அன்று பத்து நாற்பது. நிழற்குடையின் ஒவ்வொரு செங்கலும் தெரிந்தது. யாரோ கரியால் கிறுக்கிய போன் நம்பர்கூடத் தெரிந்தது. அவள் மட்டும் இல்லை. எட்டு ராத்திரி காத்துக் கிடந்தான். அந்த வாசனைகூட வரவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் பட்டறை திறக்கும் முன்பே போய் நின்றான்.

"பழைய பல்பு பத்திரமா இருக்குதுண்ணே. முன்ன மாதிரியே மங்கலாக்கிக் குடுங்க."

"பல்ப மாட்டிடலாம் தம்பி. தேய்ச்ச கண்ணாடிய என்னா பண்றது? அந்த மஞ்சள்தான் சாக்கடையில போயிடுச்சே."

ஆனந்தராஜ் அங்கேயே கிரீஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான். "ரெண்டாவது தடவையும் அவள வுட்டுட்டேன்ண்ணே" என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதானாம். இதைச் சொல்லும்போது அன்புச்செல்வனும் அழுதான்.

கார்த்திகை மாதம். இடது பக்க விளக்கில் மட்டும் ஈரம் பூத்தது. வெளியே அல்ல... கண்ணாடிக்கு உள்ளே. துடைத்தால் போகவில்லை. ஒரு நாள் சாயங்காலம் வண்டியைத் தங்கதுரையிடம் கொண்டுபோனான்.

"ரப்பர் போயிருக்கும். சூடு காட்டித் தொறந்து திரும்ப ஒட்டிடறேன்."

விளக்கைக் கழற்றி ஒயரைப் பிடுங்கினார். பல்பையும் தனியே எடுத்து வைத்தார். வெறும் கூட்டை மேசைமேல் வைத்துவிட்டு ஹீட் கன்னை எடுக்கத் திரும்பினார். வெளியே பஸ் ஒன்று ஹார்ன் அடித்துப் போனது. பிறகு சத்தமே இல்லை.

டெட்டால் வாசனை.

மேசைமேல் இருந்த கூடு எரிந்தது. சின்ன வெள்ளை வெளிச்சம்... அணைந்தது. மறுபடி ஒரு தடவை... அணைந்தது.

தங்கதுரை அசையவில்லை. ஆனந்தராஜ் மட்டும் போய் அதன் முன்னால் மண்டியிட்டான். "பாத்துட்டேன் சங்கரி" என்றான். "நின்னுட்டேன் பாரு... வா, வூட்டுக்குப் போலாம்."

ஒட்டுப் பிரிக்காத கண்ணாடி அது. பின்னால் பல்பு ஓட்டையில் ஒரு விரல்தான் நுழையும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள், இறங்குகிற இடம் வந்துவிட்டதா என்று பனியைத் துடைத்துப் பார்ப்பார்களே... அப்படி, உள்பக்கத்து ஈரம் உள்ளங்கை அளவுக்கு மெதுவாக விலகியது.